மன்னார் வளைகுடா வெப்ப அலை: வெயிலா, காற்றா?

ஏப்ரல் 19, காலை. கோத்தகிரியிலிருந்து கேள்வி

“கடல் வெப்ப அலைன்னு பேப்பர்ல தினம் வருது. வெயில் கூடினா கடலும் சூடாகும், அவ்வளவுதானே? அப்படின்னா அனல் அடிக்கிற வருஷம் எல்லாம் வெப்ப அலை வரணும். கரையில நூறு டிகிரிக்கு மேல போன வருஷத்துலகூட கடல்ல ஒண்ணும் இல்லைங்கறாங்க. இன்னொண்ணு, வங்கக்கடல் சூடா இருந்தா ஐப்பசியில நம்ம மலைக்கு மழை கூடுமா? கவாத்து தேதியை அதை வச்சு முடிவு பண்ணலாமா சார்?”

ஏப்ரல் 19, இரவு 9.40. கொடைக்கானல்

வெயில் பாதிக் கணக்குதான். மீதி காற்று.

கடலின் மேல்நீருக்கு வரவு பெரும்பாலும் ஒன்றே, சூரியன். செலவு நான்கு வழியில் போகிறது: ஆவியாதல், வானத்தை நோக்கி வெப்பக் கதிராக வெளியேறுவது, மேலே இருக்கும் காற்றைத் தொட்டுச் சூடேற்றுவது, அடியிலுள்ள குளிர்ந்த நீரோடு கலப்பது. சித்திரையில் மன்னார் பக்கம் வரவு எல்லா வருடமும் ஏறக்குறைய ஒன்றுதான். மேகமில்லாத நாளில் இரவு பகல் சேர்த்துச் சராசரி எடுத்தால் சதுர மீட்டருக்கு 250 வாட்டுக்குக் குறையாது. வருடத்துக்கு வருடம் மாறுவது செலவுக் கணக்கு. அதில் பெரிய இரண்டு, ஆவியாதலும் கலப்பும், காற்றை நம்பி நடப்பவை. காற்று ஓய்ந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் சுருங்கிவிடும்.

மலையில் இருப்பவர்களுக்கு இதைப் புரியவைக்க உறைபனி போதும். தை மாதம் தலைகுந்தாவில் எந்த இரவில் புல் வெளுக்கும்? கடுங்குளிர் அடிக்கும் எல்லா இரவிலும் இல்லை. வானம் தெளிந்து, இலை அசையாமல் இருக்கும் இரவில்தான். தரை வெப்பத்தை வானத்துக்கு விட்டுக்கொண்டே இருக்கும். காற்று கொஞ்சம் வீசினாலும் மேலே இருக்கும் சூடான காற்றைக் கீழே இழுத்துக் கலந்துவிடும். காற்று இல்லையென்றால் குளிர் தரையை ஒட்டி ஒரு மெல்லிய அடுக்காகத் தேங்கும். ஓடையோரத்தில் தாகைச் செடி போட்டு மூடாத தேயிலை கருகுவதும், இருபது அடி மேட்டில் இருக்கும் பாத்தி தப்பிப்பதும் அதனால்தான்.

கடல் வெப்ப அலை இதன் தலைகீழ்ப் படம். வெயில் மேலிருந்து சூடு கொடுக்கிறது, காற்று இல்லை, சூடு மேலே மெல்லிய அடுக்காகத் தேங்குகிறது. இரண்டு இடத்திலும் பார்க்க வேண்டிய கேள்வி ஒன்றே: அந்த அடுக்கு எவ்வளவு மெல்லியது?

ஏப்ரல் 20

அடுக்கின் கணக்கைப் போட்டுவிடுகிறேன், யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம்.

ஒரு கன மீட்டர் கடல்நீரை 1 டிகிரி ஏற்றச் சுமார் 41 லட்சம் ஜூல் வேண்டும். செலவு போக மிச்சம் 100 வாட் என்று வையுங்கள். ஒரு நாளில் 86,400 விநாடி, ஆக 86.4 லட்சம் ஜூல். காற்று கலக்கிவிடும் மேல்நீர்தான் கலப்பு அடுக்கு. அது 50 மீட்டர் தடிமன் என்றால் நாளுக்கு 0.04 டிகிரி. 20 மீட்டர் என்றால் 0.1. 10 மீட்டர் என்றால் 0.2. வெயில் ஒன்றே, தடிமன் ஐந்தில் ஒன்றானதும் சூடேறும் வேகம் ஐந்து மடங்கு.

அடுத்து ஆவியாதல். காற்றின் வேகத்தையும், நீர்ப்பரப்பை ஒட்டிய ஈரத்துக்கும் மேலே உள்ள காற்றின் ஈரத்துக்கும் இடையிலான வித்தியாசத்தையும் பெருக்கி வருவது அது. வித்தியாசம் கிலோவுக்கு 6 கிராம், காற்று விநாடிக்கு 6 மீட்டர், அதாவது மணிக்கு 22 கிலோமீட்டர் போல, என்றால் சுமார் 140 வாட் போகும். காற்று பாதியானால் 70 வாட். மிச்சமான 70 வாட் 15 மீட்டர் அடுக்கில் விழுந்தால் நாளுக்கு 0.1 டிகிரி. பத்து நாளில் 1 டிகிரி.

வெயில் கூடவே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

ஏப்ரல் 20, பிற்பகல்

ஒரு திருத்தம். அந்த 1 டிகிரி அப்படியே வராது. நீர் சூடானால் அதன் பரப்பை ஒட்டிய ஈரம் ஒரு டிகிரிக்குக் கிலோவுக்குச் சுமார் ஒன்றரை கிராம் கூடும். 6 கிராம் வித்தியாசம் ஏழரையாகும், ஆவியாதல் கால் பங்கு ஏறும். கடல் தானே போட்டுக்கொள்ளும் பிரேக் இது. ஆனால் காற்று ஓய்ந்த நாட்களில் மேலே நிற்கும் காற்றும் ஈரமாகிக்கொண்டே போகும், வித்தியாசம் மறுபடி குறையும். அதனால் பிரேக் முழுதாகப் பிடிப்பதில்லை. பத்து நாளில் அரை முதல் முக்கால் டிகிரி என்று எடுத்துக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது.

அரை டிகிரி போதுமா என்று கேட்பீர்கள். நம் கடலில் போதும். ஏன் என்பது வரையறையில் இருக்கிறது, நாளை.

ஏப்ரல் 21. வரையறை

இன்று உலகம் முழுக்கப் புழங்குவது 2016-இல் ஹாப்டே என்ற ஆய்வாளரின் குழு வைத்த வரையறை. ஓர் இடத்தில், அந்த நாளுக்கு உரிய 30 வருட வெப்பநிலைகளை வரிசைப்படுத்தி, நூற்றில் தொண்ணூறாவது அளவைக் கோடாகப் போட வேண்டும். கடல் அந்தக் கோட்டுக்கு மேல் தொடர்ந்து 5 நாளாவது இருந்தால் அது வெப்ப அலை. இடையில் 2 நாள் வரை கோட்டுக்குக் கீழே இறங்கி மறுபடி ஏறினால் ஒரே அலையாகச் சேர்த்து எண்ணுவார்கள்.

“30 டிகிரிக்கு மேல் போனால் வெப்ப அலை” என்று எழுதும் செய்திகளை நம்பாதீர்கள். நிலையான எண் எதுவும் இதில் இல்லை. மார்கழியில் 28 டிகிரியே வெப்ப அலையாகலாம். சித்திரையில் 30 டிகிரி சாதாரண நாளாகலாம். வெப்பமண்டலக் கடலில் சராசரிக்கும் அந்தக் கோட்டுக்கும் நடுவே இடைவெளி பல இடங்களில் 1 டிகிரிகூட வராது. அதனால்தான் அரை டிகிரி இங்கே பெரிய விஷயம்.

அந்த இடைவெளியே அளவுகோலாகவும் ஆகிறது. சராசரிக்கு மேல் ஒன்று முதல் இரண்டு மடங்கு இடைவெளி என்றால் மிதமானது, இரண்டு முதல் மூன்று வலுவானது, மூன்று முதல் நான்கு கடுமையானது, நான்கைத் தாண்டினால் உச்சம்.

ஏப்ரல் 22

ஊட்டியிலிருந்து ஒருவர்: “வரவு மாறாது என்று எப்படிச் சொல்கிறீர்கள்? மேகம் இல்லையா?”

சரியான பிடி. 19-ஆம் தேதி அதை அதிகமாகவே சொல்லிவிட்டேன். மன்னாரில் சித்திரை மாதத்துக்கு அது ஓரளவு பொருந்தும், ஏனென்றால் அப்போது வானம் பெரும்பாலும் திறந்தே இருக்கும். நடு வங்கக்கடலில் ஆனி, ஆடிக்குப் பொருந்தவே பொருந்தாது. பருவமழை இடைவெளி விடும்போது மேகம் கலையும். மூடிய வாரத்துக்கும் தெளிந்த வாரத்துக்கும் வரவில் 100 வாட் வரை வித்தியாசம் வரும். அங்கே வெப்ப அலை பிறப்பதில் மேகம் விலகியதற்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் மேகம் விலகும் நாட்களும் காற்று தளரும் நாட்களும் பெரும்பாலும் ஒரே நாட்கள். இரண்டையும் பிரித்து இதற்கு இத்தனை, அதற்கு இத்தனை என்று பங்கு போட, வெப்பக் கணக்கை நாள்தோறும் எழுத வேண்டும்.

தலைப்பில் “வெயிலா, காற்றா” என்று வைத்தது கேள்வியைக் கூர்மையாக்கத்தான். இடத்துக்கு இடம் விடை மாறும்.

ஏப்ரல் 24. வெளிச்சம் எவ்வளவு ஆழம் போகிறது

20-ஆம் தேதி கணக்கில் இன்னொரு ஓட்டை. வரும் வெயில் முழுவதும் கலப்பு அடுக்குக்குள்ளேயே தங்கிவிடுவதாக வைத்துவிட்டேன். அப்படி இல்லை.

தெளிந்த ஆழ்கடல் நீரில் வெயிலின் அகச்சிவப்புப் பகுதி முதல் ஒரு மீட்டருக்குள் முடிந்துவிடும். நீலமும் பச்சையும் ஆழம் போகும். 10 மீட்டருக்குக் கீழேயும் நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேல் இறங்குகிறது. 250 வாட்டில் ஏறக்குறைய 68 வாட் அடுக்கைத் தாண்டிப் போய்விடும். கலங்கல் நீரில் அதே 10 மீட்டருக்குக் கீழே போவது 15 வாட் அளவுதான். ஆகவே அதே வெயில், அதே காற்று இருந்தும் கலங்கிய கரையோர நீர் மேலே அதிகம் சூடாகும்.

இதை வீட்டில் பார்க்கலாம். மூன்று வெள்ளை பிளாஸ்டிக் வாளி, ஒரே அளவு. பக்கவாட்டில் வெயில் படாதபடி சுற்றிலும் தெர்மோகோல் கட்டுங்கள். முந்தின இரவே தண்ணீர் நிரப்பி வையுங்கள், காலையில் மூன்றும் ஒரே வெப்பநிலையில் இருக்கும். ஒன்றில் வெறும் தண்ணீர். இரண்டாவதில் டஸ்ட் டீ நன்றாகக் கொதிக்கவைத்த டிகாஷனை ஆறவிட்டு ஊற்றுங்கள், அடி தெரியாத கறுப்பு வரும்வரை. மூன்றாவதும் டிகாஷன்தான், ஆனால் கால் மணிக்கு ஒருமுறை அடிவரை கரண்டி விட்டுக் கலக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் இரண்டு தெர்மாமீட்டர், ஒன்று மேலிருந்து 2 சென்டிமீட்டரில், மற்றது அடிக்குக் கொஞ்சம் மேலே. காலை 10 முதல் 1 மணி வரை குறியுங்கள்.

தவறு வரும் இடங்கள்: தெர்மாமீட்டர் குமிழில் நேர்வெயில் பட்டால் பொய்யாகக் கூட்டிக் காட்டும், மேலே சின்ன அலுமினியத் தாள் குடை வையுங்கள். வெறும் தண்ணீர் வாளியில் வெளிச்சம் அடிவரை போய் அடியைச் சூடாக்கும், அந்தச் சூடு மேலேறிக் கலக்கும். அதனால் அதில் மேலும் கீழும் வித்தியாசம் குறைவாகத்தான் தெரியும். கலக்காத டிகாஷன் வாளியில்தான் வித்தியாசம் தெளிவாக வரும். அதில் கையைப் பரப்பில் வைத்து மெதுவாக இறக்கினால் தெர்மாமீட்டரே வேண்டாம், மணிக்கட்டுக்குக் கீழே சூடு நின்றுபோகும் இடம் தோலுக்குத் தெரியும்.

ஏப்ரல் 24, இரவு

பாக் விரிகுடாவுக்கு அந்த வாளி உதாரணம் பொருந்துமா என்று கேட்டவருக்கு: பாதி பொருந்தும். பாக் விரிகுடாவின் பெரும்பகுதி 15 மீட்டருக்கும் குறைந்த ஆழம், கலங்கலும் அதிகம். ஆனால் அங்கே அடியில் குளிர்ந்த நீர் என்று ஒன்று இல்லவே இல்லை. காற்று அடித்துக் கலக்கினாலும் சூட்டோடு சூடுதான் கலக்கும். பெரிய இரண்டில் ஆவியாதல் ஒன்றே அதற்குத் தப்பும் வழி. மன்னார் வளைகுடா தெற்கே போகப் போக ஆயிரம் மீட்டருக்கு மேல் ஆழம் உள்ளது. காற்று வந்தால் அடியிலிருந்து குளிர் எடுக்க இடம் உண்டு. ராமேஸ்வரம் தீவின் இரு பக்கமும் இரண்டு வேறு கடல் என்று நினைத்தே கணக்குப் போட வேண்டும்.

ஏப்ரல் 27

“காற்று முக்கியம் என்றால், இங்கிருந்து தெரியும் உடுமலை காற்றாலைகளைப் பார்த்தாலே போதுமே?” நல்ல யோசனை, ஆனால் இடம் தவறு. உடுமலை, பல்லடம் பக்கம் வருவது பாலக்காட்டுக் கணவாய்க் காற்று. மன்னார் வளைகுடாவுக்குள் இறங்குவது ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகவும் குமரியைச் சுற்றியும் வரும் காற்று. பார்ப்பதென்றால் முப்பந்தலைப் பாருங்கள். வைகாசியில் அங்கே இறக்கைகள் சுறுசுறுப்பாகச் சுற்ற ஆரம்பித்தால் வளைகுடா ஆறத் தொடங்கும். கச்சான் என்னும் அந்தத் தென்மேற்குக் காற்று தாமதித்தால் ஒவ்வொரு வாரமும் அங்குள்ள பவளத்துக்குக் கெடுதி.

மே 1. எல் நினோ

இதைப் பற்றி நான்கு பேர் கேட்டாகிவிட்டது.

எல் நினோ என்பது பசிபிக்கின் நடுவும் கிழக்கும் வழக்கத்தைவிடச் சூடாவது. பெரும்பாலும் மார்கழி வாக்கில் உச்சம் தொடும். அப்போது நம் பக்கம் மேகம் குறையும், காற்று தளரும், சில மாதம் கழித்து இந்தியப் பெருங்கடல் முழுக்கச் சூடேறும். அதனால் நமக்கு அடி விழுவது எல் நினோ ஆரம்பித்த வருடத்தில் அல்ல, அடுத்த வருடச் சித்திரை வைகாசியில். 1998, 2010, 2016, 2024 என்ற, பவளம் வெளுத்த வருடங்களை வரிசையாக வைத்தால் தெரியும். லட்சத்தீவும் இந்த வரிசையில் அடிபட்டது. 2024 ஏப்ரலில்தான் உலக அளவில் நான்காவது பவள வெளுப்பு என்று அமெரிக்கக் கடல் வளிமண்டல நிறுவனம் அறிவித்தது.

ஆனால் எல் நினோ இல்லாமலும் வரும். 2020 மே மாதமே சாட்சி. அதற்கு முன் பெரிய எல் நினோ இல்லை. 2019-இல் இந்தியப் பெருங்கடலின் இருமுனை நிகழ்வு, அதாவது மேற்குப் பக்கம் சூடாகவும் கிழக்குப் பக்கம் குளிர்ந்தும் இருப்பது, மிக வலுவாக இருந்தது. 2020 மே வெப்ப அலைக்குப் பிறகு நீரடியில் ஆய்வு செய்தபோது மன்னார் வளைகுடாவில் 85 சதவீதப் பவளம் வெளுத்திருந்தது. அதே மாதம் வங்கக்கடலின் சூடான நீருக்கு மேல்தான் ஆம்பன் சூப்பர் புயலாக வளர்ந்து, 20-ஆம் தேதி சுந்தரவனம் பக்கம் கரையேறியது.

மே 1, சேர்க்கை

85 சதவீதம் வெளுத்தது என்றால் 85 சதவீதம் செத்தது என்று பொருள் இல்லை. பவள உயிரிக்குள் இருந்து உணவு தரும் நுண்பாசி வெளியேறிவிட்டது, வெள்ளை எலும்புக்கூடு தெரிகிறது, அவ்வளவுதான். சில வாரத்துக்குள் நீர் ஆறினால் பாசி திரும்பும், பவளம் பிழைக்கும். ஆறாவிட்டால் பட்டினியில் சாகும், பிறகு அதன் மேல் இழைப்பாசி பச்சையாகப் படரும். இந்த இரண்டையும் ஒன்றாக எழுதுவதால், மறு வருடம் பவளம் உயிரோடு இருப்பதைப் பார்ப்பவர்கள் முதல் செய்தியே பொய் என்று முடிவுகட்டுகிறார்கள். இது வருத்தமாக இருக்கிறது.

மே 4. நன்னீர் மூடி

வட வங்கக்கடலில் மன்னாரில் இல்லாத ஒன்று உண்டு. கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி, மகாநதி, கோதாவரி எல்லாம் கொட்டும் நன்னீர் உப்புநீர் மேல் ஒரு மூடியாகப் படுத்துக்கொள்கிறது. நன்னீர் லேசானது, காற்றால் எளிதில் அடிநீரோடு கலக்க முடியாது. அதனால் கலப்பு அடுக்கு எப்போதும் மெல்லியது, வெயில் விழுந்ததும் சட்டென்று சூடேறும். மூடிக்குக் கீழேயும் சூடான நீர் தடித்த அடுக்காக நிற்கும். புயல் வந்து கிளறினாலும் உடனே குளிர்நீர் மேலே வராது. புயல் தன் காலடியைத் தானே குளிரவைத்துத் தளரும் என்ற பொது விதி இங்கே முழுதாக வேலை செய்யாததற்கு இது ஒரு காரணம்.

மார்கழி, தையில் இதே மூடி வேறு வேலை செய்யும். மேலே இருக்கும் நன்னீர் குளிர்ந்துவிடும், ஆனால் உப்புக் குறைவாக இருப்பதால் மூழ்காது. மேலே குளிர், கீழே சூடு. கேத்தி பள்ளத்தாக்கில் விடிகாலையில் கீழே மூடுபனியும் குளிரும், மேலே தொட்டபெட்டா சரிவில் இளஞ்சூடும் இருக்குமே, அதுபோலத் தலைகீழ் அடுக்கு.

செய்து பார்க்க: கண்ணாடிப் பாத்திரத்தில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு கரைத்த தண்ணீர் பாதி. மேலே ஒரு மெல்லிய தெர்மோகோல் தட்டை மிதக்கவிட்டு, அதன் மேல் சொட்டுச் சொட்டாக, மை கலந்த நல்ல தண்ணீரை விடுங்கள். தட்டை மெதுவாக எடுத்துவிட்டு டேபிள் ஃபேனைப் பரப்பில் படும்படி வையுங்கள். மை கலக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறியுங்கள். பிறகு இரண்டும் நல்ல தண்ணீராக வைத்து அதையே திரும்பச் செய்யுங்கள். வேகமாக ஊற்றினால் முதலிலேயே கலந்துவிடும். பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு இது கெடுவது ஊற்றும் அவசரத்தில்தான்.

மே 5

நேற்றைய பதிவோடு தொடர்புள்ளது, ஆனால் மேற்குக் கடல். வாடைக் காலத்தில் வங்கக்கடலின் அந்த நன்னீர் இலங்கையைச் சுற்றிக் கேரளக் கரைக்கும் லட்சத்தீவுக்கும் போகிறது. தென்கிழக்கு அரபிக்கடலில் அது மெல்லிய மூடி போடுகிறது. பங்குனி, சித்திரையில் அந்த இடம் 30 டிகிரியைத் தாண்டும் சூட்டுக் குளமாகி, தென்மேற்குப் பருவக்காற்று வந்ததும் ஆறும். கார்த்திகையில் போன நீருக்கு வைகாசியில் விளைவு.

நீர் மட்டுமா போகிறது? அலையும் போகிறது. நிலநடுக்கோட்டில் காற்று மாறினால் கெல்வின் அலை என்ற ஒன்று சுமத்ரா கரையில் மோதி, மியான்மர், வங்கதேசம் வழியாகக் கரையை வலப்பக்கம் வைத்துக்கொண்டே சுற்றி நம் கிழக்குக் கரையில் தெற்கே இறங்கும். விநாடிக்கு இரண்டரை மீட்டர் வேகம் என்றால் நாளுக்கு இருநூறு கிலோமீட்டருக்கு மேல். கண்ணால் பார்க்கும் அலை அல்ல. சூடான மேலடுக்கு தடித்தும் மெலிந்தும் நகர்வது. ஐப்பசி முதல் மார்கழிக்குள் வருவது அடுக்கைத் தடிப்பாக்கும் அலை. அது குமரியைத் தாண்டி லட்சத்தீவு வரை போய் அங்கே குளிர்நீரை ஆழத்தில் அழுத்திவைக்கும். மன்னாரில் காற்று ஓய்ந்த பத்து நாளை மட்டும் பார்த்துக் காரணம் எழுதினால், அரபிக்கடலுக்கு அந்த விடை போதாது. முதல் நாள் சொன்னதை இங்கே விரிக்கிறேன்: காற்று விசையைத் தட்டுகிறது, துப்பாக்கியில் மருந்து மாதங்களுக்கு முன்பே நிரப்பப்பட்டிருக்கலாம்.

மே 9. நீங்களே கணக்கிட

கல்லூரி மாணவர் ஒருவர் படிப்படியாகக் கேட்டிருக்கிறார்.

ஓஐஎஸ்எஸ்டி என்ற, கடல் மேற்பரப்பு வெப்பநிலையின் தினசரித் தரவை எடுங்கள். கால் டிகிரிக் கட்டம், 1981 செப்டம்பரிலிருந்து இருக்கிறது, இலவசம். தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே நிலம் தொடாத கட்டங்களை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அடிப்படைக் காலம் 1991 முதல் 2020 வரை. ஒவ்வொரு தேதிக்கும் முன்னும் பின்னும் 5 நாள் சேர்த்து 11 நாள், 30 வருடத்துக்கு 330 எண். அவற்றின் சராசரி ஒரு கோடு, தொண்ணூறாவது அளவு இன்னொரு கோடு. இரண்டையும் 31 நாள் நகரும் சராசரியால் மென்மையாக்கினால் கோடு ரம்பம்போல் இல்லாமல் ஓடும். எரிக் ஆலிவர் எழுதிய பைத்தான் நிரலும், ஆர் மொழியில் ஹீட்வேவ்ஆர் தொகுப்பும் இதையெல்லாம் செய்துதரும்; ஆனாலும் ஒருமுறை கையால் செய்யுங்கள்.

கெட்டுப்போகும் இடங்கள். பிப்ரவரி 29-க்கு ஏழெட்டு வருட எண்களே இருக்கும், அக்கம்பக்க நாட்களிலிருந்து நிரப்புங்கள். கட்டங்களை முதலில் சராசரியாக்கிவிட்டுக் கோடு போடுவதும், ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனியாகக் கோடு போடுவதும் ஒன்றல்ல. முதல் வழியில் ஏற்ற இறக்கம் அமுங்கி, கோடு தாழ்ந்து நிற்கும். பருவமழைக் காலத்தில் அகச்சிவப்புச் செயற்கைக்கோள் மேகத்தைத் தாண்டிப் பார்க்காது, அந்த நாட்களின் எண் அக்கம்பக்கத்திலிருந்து இட்டு நிரப்பியது. காற்றில்லாத நடுப்பகலில் பரப்பின் மேல்தோல் மட்டும் 2, 3 டிகிரி கூடி மாலையில் மறையும். பகல் படம் ஒன்றை மட்டும் வைத்து வெப்ப அலை என்று கூவாதீர்கள்.

ஆழத்தில் நடப்பதற்கு ஆர்கோ மிதவை உண்டு. 2,000 மீட்டர் வரை இறங்கிப் பத்து நாளுக்கு ஒருமுறை மேலே வரும். கரையோர ஆழமற்ற நீருக்கு அது உதவாது.

மே 10

நேற்று விட்டது: பவளத்துக்கு இந்தத் தொண்ணூறாவது அளவுக் கோடு போதாது. அதற்கு வேறு கணக்கு. வருடத்திலேயே சூடான மாதத்தின் சராசரியை எடுத்து, அதற்கு மேல் 1 டிகிரியோ அதற்கு அதிகமோ இருக்கும் நாட்களை மட்டும் 12 வாரத்துக்குக் கூட்ட வேண்டும். ஒன்றரை டிகிரி கூடுதல் நான்கு வாரம் நின்றால் 6 டிகிரி-வாரம். 4-ஐத் தொட்டால் கணிசமான வெளுப்பு, 8-ஐத் தொட்டால் சாவு. கூடுதல் 0.8 டிகிரி பத்து வாரம் நின்றாலும் இந்தக் கணக்கில் பூஜ்யம், ஆனால் வெப்ப அலைக் கணக்கில் எழுபது நாள். அதுபோல் மார்கழி வெப்ப அலை பவளத்தை வெளுக்காது. ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் சேவை மையம் வெளுப்பு எச்சரிக்கையையும் வெப்ப அலை அறிவிப்பையும் தனித்தனியாகத் தருவது இதனால்தான். இரண்டையும் குழப்ப வேண்டாம்.

மே 14. “எல்லாம் புவி வெப்பமயமாதல்தானே?”

அடித்தளம் அது, சந்தேகமே இல்லை. இந்தியப் பெருங்கடல் 1950 முதல் 2020 வரை நூற்றாண்டுக்கு 1.2 டிகிரி என்ற வேகத்தில் சூடாகியிருக்கிறது. 1970 முதல் 2000 வரை வருடத்துக்கு 20 நாள் இருந்த வெப்ப அலை, இந்த நூற்றாண்டின் இறுதியில் 220 முதல் 250 நாள் ஆகலாம் என்கிறது புணேயின் வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ராக்ஸி மேத்யூ கோல் குழுவின் கணிப்பு. மேற்கு இந்தியப் பெருங்கடலில் பத்தாண்டுக்கு ஒன்றரை என்ற கணக்கில் வெப்ப அலைகள் கூடிவருகின்றன. வட வங்கக்கடலில் பத்தாண்டுக்கு அரை. 1982 முதல் 2018 வரை எண்ணியதில் மேற்கில் 66, வங்கக்கடலில் 94.

இங்கே ஆய்வாளர்களுக்குள்ளேயே ஒரு வாதம் இருக்கிறது. அடிப்படைக் காலத்தை நிலையாக வைத்தால் ஒருநாள் வருடம் முழுக்க வெப்ப அலை என்று வரும், சொல்லுக்கே பொருள் போய்விடும். காலத்தோடு நகர்த்தினால் நீண்டகாலச் சூடு கணக்கிலிருந்தே மறைந்துவிடும். என் கருத்து: பவளத்துக்கு நிலையான கோடுதான் வேண்டும், பவளம் முப்பது வருடத்துக்கொருமுறை தன் தாங்கும் அளவை மாற்றிக்கொள்ளாது. குறிப்பிட்ட ஓர் அலை ஏன் வந்தது என்று தேடும்போது நீண்டகால ஏற்றத்தைக் கழித்துவிட்டுப் பாருங்கள், அப்போதுதான் காற்றும் மேகமும் செய்தது தெரியும். இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் போட வேண்டும். ஒன்றை மறைத்து எழுதுபவர் எந்தப் பக்கம் நின்றாலும் வாசகரைத் தவறாக நடத்துகிறார்.

மே 19. மலைக்கு மழை

கோத்தகிரிக்காரருக்கு ஒரு மாதம் தாமதமாகப் பதில்.

சூடான கடல் காற்றுக்குக் கூடுதல் ஈரம் தரும், ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 7 சதவீதம். ஆனால் அந்த ஈரம் கோத்தகிரி, குன்னூர் சரிவிலும் எங்கள் பழனி மலையின் கிழக்குச் சரிவிலும் வந்து ஏற வேண்டுமென்றால் கொண்டல், அதாவது கீழ்க்காற்று, அடிக்க வேண்டும், தாழ்வு நிலை சரியான இடத்தில் உருவாக வேண்டும். 2016-ஐ நினைத்துப் பாருங்கள். சித்திரையில் கடல் பவளம் வெளுக்கும் அளவுக்குக் கொதித்தது. ஐப்பசி, கார்த்திகையில் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை 60 சதவீதத்துக்கும் மேல் பொய்த்தது. சித்திரைச் சூட்டை வைத்து ஐப்பசியைச் சொல்ல முடியாது. ஆடிக்காற்று நடுவில் வந்து எல்லாவற்றையும் கலக்கிவிடும்.

ஒரு தொடர்பு ஆய்வில் கிடைத்திருக்கிறது, ஆனால் அது தென்மேற்குப் பருவத்துக்கு: வட வங்கக்கடலில் வெப்ப அலை இருக்கும்போது நடு இந்தியாவில் மழை குறைந்து, தென் தீபகற்பத்தில் கூடுகிறது. இதைக் கூடலூர் மழைக்கும் கோத்தகிரி மழைக்கும் ஒரேபோல் பூசாதீர்கள். இரண்டு ஊரும் ஒரே மாவட்டம். மழை வரும் திசை வேறு.

புயல் வந்தால் கதை மாறும். 2018 நவம்பர் 16-இல் கஜா வேதாரண்யம் பக்கம் கரையேறி, திண்டுக்கல் வழியாக இந்த மலையையும் அடித்துக்கொண்டு அரபிக்கடலுக்குப் போனது. அப்படிப்பட்ட ஒன்று எந்தத் தடத்தில் வரும் என்பதை மே மாதக் கடல் வெப்பநிலை சொல்லாது.

ஆகவே கவாத்துக்கு இதை நம்ப வேண்டாம் சார். புரட்டாசிக் கடைசியில் இருமுனை நிலவரத்தையும், வங்கக்கடலில் அந்த வாரத்துக் காற்றையும் பாருங்கள்.

மே 19, இரவு

மத்தி விலை பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக: மேலே சூடான மூடி இருந்தால் அடியிலிருந்து சத்துநீர் ஏறாது, மிதவைப்பாசி குறையும், மத்திக்கு இரை குறையும். கொச்சியிலுள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் கேரள மத்திச் சரிவை எல் நினோவோடு தொடர்புபடுத்தி எழுதியிருக்கிறது. மலைச் சந்தைக்கு லாரியில் வரும் மீனின் விலையில் டீசலும் ஐஸும் சேர்ந்திருப்பதால் அதை வைத்துக் கடலைப் படிக்க முடியாது.

ஜூன் 2

வெப்ப அலை எப்படி முடிகிறது என்று யாரும் கேட்கவில்லை, ஆனால் காரணத்தைச் சரிபார்க்க அதுதான் நல்ல சோதனை. காற்று ஓய்ந்ததால் வந்தது என்றால் காற்று வந்ததும் சில நாளில் இறங்க வேண்டும். மன்னாரில் கச்சான் பிடித்ததும் பெரும்பாலும் அப்படியே ஆகிறது. காற்று வந்தும் இறங்காவிட்டால் அடியில் குளிர்நீர் இல்லை, அல்லது ஆழத்தில் அழுத்தப்பட்டிருக்கிறது என்று பொருள். பாக் விரிகுடாவில் முதல் காரணம், லட்சத்தீவில் இரண்டாவது. திறந்த கடலில் புயல் போன தடத்தில் குளிர்ந்த கோடு விழுந்து, வெப்ப அலை அங்கே மட்டும் அறுந்துபோவதைப் படத்தில் பார்க்கலாம். வட வங்கக்கடலில் அந்தக் கோடு மங்கலாக இருக்கும்; மே 4 பதிவில் உள்ள மூடிதான் காரணம்.

ஜூன் 9

கோத்தகிரியிலிருந்து வாளி அளவுகள் வந்திருக்கின்றன. கலக்காத டிகாஷனில் மேலும் கீழும் நல்ல வித்தியாசம், கலக்கியதில் ஒன்றுமில்லை, சரி. ஆனால் வெறும் தண்ணீரில் அடி மேலைவிடச் சூடு என்று பதிவாகியிருக்கிறது, தவறா என்று கேட்கிறார். அடி தெர்மாமீட்டர் பிளாஸ்டிக்கைத் தொட்டுக்கொண்டிருந்தால் அப்படி வரும், வெளிச்சம் அடியில் விழுந்து தட்டையே சூடாக்குகிறது. ஒரு நூலில் கட்டி அடியிலிருந்து மூன்று விரல் உயரத்தில் தொங்கவிட்டு, மேகமில்லாத நாளில் மறுபடி எடுங்கள். பருவமழை இறங்கிவிட்டதால் அங்கே இனி ஒரு தெளிந்த முன்பகல் கிடைப்பதுதான் கஷ்டம்.